கடவுளை மறுத்தல் போதுமா?

வெள்ளவத்தை பாமன்கடை ஒழுங்கையில் வாழ்ந்த ஒரு தாவரவியல் ஆசிரியர், 1963 ஆம் ஆண்டில், மந்திரவாதிகள், சோதிடர்கள், அற்புதம் புரிவோர் அனைவருக்கும் ஓர் அறைகூவல் விடுத்தார். முத்திரையிட்ட உறைக்குள் கிடக்கும் நாணயத்தாளின் இலக்கத்தை வாசித்துக் காட்டுங்கள், எரியும் தணல்மீது அரை நிமிடம் கொப்புளமின்றி அசையாது நில்லுங்கள், நீரின்மேல் நடவுங்கள், தண்ணீரைப் பெற்றோலாக மாற்றுங்கள். இவற்றுள் ஒன்றையேனும், ஏமாற்றுக்கு இடமில்லாத நிபந்தனைகளின் கீழ்ச் செய்து காட்டுவோருக்கு ஒரு இலட்சம் ரூபா பரிசு. அவ்வறைகூவலை விடுத்த ஆபிரகாம் கோவூர் 1978 செப்டெம்பர் 18 ஆம் நாள் மறைந்தார். அந்நாள் வரை அப்பரிசைப் பெற்றார் ஒருவருமிலர்.

கோவூரை வென்றவர் எவருமிலர் என்பது உண்மை. ஆயினும் அவர் வென்றார் என்று கூற முடியுமா? அவர் வாழ்ந்த வெள்ளவத்தையில் இன்று சோதிடருக்குப் பஞ்சமில்லை. வீடு வாங்குவோர் வாஸ்து பார்க்கின்றனர். பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்புவோர் சுபவேளை பார்க்கின்றனர். இவர்களுட் பலர் பட்டதாரிகள். அறைகூவலுக்கு விடையிறுக்க இயலாதோரின் வாணிகம் அறைகூவல் விடுத்தவரின் மறைவுக்குப் பின்னும் தழைத்து நிற்பதேன்? நாத்திகர் இவ்வினாவை எதிர்கொள்ளாத வரை, அவர் வாதத்தில் வெல்வார், வாழ்க்கையில் தோற்பார். கடவுளை மறுத்தல் ஒரு பணி. சமயத்தை விளங்கிக்கொள்ளுதல் வேறொரு பணி. முன்னதைச் செய்து முடித்துவிட்டோம் என்ற நிறைவில் பின்னதைக் கைவிட்டதே நம் நாட்டுப் பகுத்தறிவாளரின் பெருங்குறையென்பது எமது துணிபு.

கோவூரின் தொண்டைக் குறைத்துக் கூறுவது எமது நோக்கமன்று. 1898 இல் கேரளத்துத் திருவல்லாவில் ஒரு கிறித்தவ மதகுருவின் மகனாய்ப் பிறந்து, இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி முதலாகப் பல பாடசாலைகளில் தாவரவியல் கற்பித்து, 1959 இல் ஓய்வு பெற்ற பின்னர், இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராய் இறுதிவரை உழைத்தவர் அவர். பேயோட்டுவோரிடம் போக இருந்த பலருக்கு உளமருத்துவத்தின் வழியைக் காட்டினார். தம் உடலை மருத்துவ மாணவருக்கும், கண்களைப் பார்வையற்றோருக்கும் உரித்தாக்கிச் சென்றார். இறப்பிலும் கொள்கைக்கு மாறாத நேர்மை அது. ஆயினும் அவருடைய முறை ஒரு எல்லைக்குட்பட்டது. சமயத்தை அவர் பெரும்பாலும் இரண்டாகவே கண்டார்: ஏமாற்றுவோரின் மோசடி, ஏமாறுவோரின் மனப்பிறழ்வு. மோசடிக்கு மருந்து அம்பலப்படுத்தல். பிறழ்வுக்கு மருந்து சிகிச்சை. ஆனால், சரக்குப் பொய்யானது என்று நிறுவிவிட்டால் சந்தை கலைந்துவிடுமா? வாங்குவோனை அங்கே கொண்டுவந்து நிறுத்திய தேவை எது என்பதையன்றோ முதலிற் கேட்டல் வேண்டும்?

அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கொரோனாப் பெருந்தொற்றுப் பரவிய 2020 நவம்பரில், நாட்டின் சுகாதார அமைச்சர் நோய் ஒழியும்பொருட்டு மந்திரித்த நீர்க்குடங்களை ஆற்றில் இட்டார். அடுத்த மாதம் கேகாலை மாவட்டத்தில் ஒருவர், காளிதேவி தமக்கு அருளிய முறைப்படி தேனும் சாதிக்காயும் சேர்த்துப் பாணி ஒன்றைக் காய்ச்சியதாக அறிவித்தார். சுகாதார விதிகளை மீறி ஆயிரக்கணக்கானோர் அவர் வாசலில் திரண்டனர். அமைச்சரும் அத்தகைய பாணியைப் பலர் காண அருந்தினார். 2021 சனவரியில் அமைச்சருக்கே நோய் தொற்றியது. நாத்திகர் நகைத்தனர். நகைப்பு நியாயமானதே. ஆனால் அந்த நகைப்பில் இரு வேறு மனிதரை ஒருவராக்கிவிட்டோம் என்பதை எத்தனை பேர் உணர்ந்தோம்? அமைச்சரின் கையிலோ மருத்துவமனைகளும் ஆய்வுகூடங்களும் அரசாங்கமும் இருந்தன. அவர் குடத்தை எடுத்தது பொறுப்பைக் கைகழுவுதற்கு. வாசலில் நின்ற கூலித் தொழிலாளியின் கையில் ஒன்றுமில்லை. தடுப்பூசி நாட்டுக்கு வந்து சேராத காலம். ஊரடங்கால் அன்றாட வருவாய் அற்ற காலம். அவன் பாணியைத் தேடியது அறிவின்மையால் மட்டுமன்று, வேறு வழியின்மையால். முன்னவரின் மூடநம்பிக்கை அதிகாரத்தின் முகமூடி. பின்னவனின் மூடநம்பிக்கை அதிகாரமின்மையின் அடையாளம். இரண்டையும் ஒரே கோலால் அளக்கும் நாத்திகம் பார்வை மங்கிய நாத்திகம்.

இனி விஞ்ஞானத்துக்கு வருவோம். கூர்ப்புக் கொள்கையை, அதாவது தமிழகத்தார் பரிணாமம் எனக் கூறுவதை, ஒழுங்காகக் கற்பித்துவிட்டால் கடவுள் நம்பிக்கை தானே உதிர்ந்துவிடும் என்று நம்புவோர் நம்மிடையே உளர். அக்கொள்கை எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை என்பதைத் தெளிதல் நன்று.

கடவுள் உண்டென்பதற்குத் தமிழர் அறிந்த வாதங்களுட் சிறந்தது சைவ சித்தாந்திகளின் குயவன் வாதமாகும். குடத்துக்கு மண் முதற்காரணம்; திரிகை துணைக்காரணம்; குயவன் நிமித்த காரணம். குயவனின்றிக் குடமில்லை, அங்ஙனமே செய்வோனின்றி உலகமில்லை என்பர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்திலேயே தோன்றி ஒடுங்கும் உலகுக்கு ஒரு கருத்தா வேண்டும் என நிறுவ முற்படுகின்றார். இங்கிலாந்தின் வில்லியம் பேலி 1802 இல் எழுதிய நூலில் குடத்தின் இடத்தில் கடிகாரம் நிற்கிறது. வாதத்தின் எலும்புக்கூடு ஒன்றே. கேம்பிரிட்ஜில் மாணவராயிருந்த காலத்தில் சார்ல்ஸ் டார்வின் அந்நூலை விரும்பிக் கற்றவர். 1859 இல் வெளிவந்த அவருடைய நூலே அவ்வாதத்துக்கு உயிரியலில் இடமில்லாமற் செய்தது என்பது வரலாற்றின் சுவையான முரண்.

அவர் கண்ட உண்மையை நம் குயவனைக் கொண்டே கூறலாம். குடங்கள் குட்டி போடுவதில்லை. உயிரினங்களோ பெருகுகின்றன, பெருகும்போது சிறு சிறு மாறல்கள் தோன்றுகின்றன, அவற்றுட் பல பாரம்பரியமாகச் சந்ததிக்குச் செல்கின்றன, பிறப்பன யாவும் பிழைத்திருக்க உணவும் இடமும் போதா, சூழலுக்கு இயைந்த மாறல் உடையவை மிகுதியாக எஞ்சிச் சந்ததி விடுகின்றன. இந்நான்கும் கூடுமிடத்து, எண்ணற்ற தலைமுறைகளில், வனையும் கையின்றியே உருவம் வனையப்படுகிறது. சான்று தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. இலங்கையின் ஈரவலயக் காடுகளில் வாழும் சிறு தவளைகள் நாம் எண்ணியதை விடப் பன்மடங்கு இனங்களாகப் பிரிந்துள்ளன என்பதை 2002 இல் நம் நாட்டு ஆய்வாளர் உலகுக்கு அறிவித்தனர். நெருங்கிய உறவுடைய ஒரே மூதாதை வழியிலிருந்து, மலைக்கு மலை, காட்டுக்குக் காடு வேறுபட்டுக் கிளைத்தவை அவை; பல இனங்கள் காடழிவால் மாண்டும் போயின. தனித்தனியே படைத்தவன் ஒருவனாயின், இத்துணைச் சிறு தீவில் இத்தனை தவளைகளை ஒன்றுக்கொன்று சிறிதே மாற்றிப் படைத்துப் பின் அழியவிட்டதன் கருத்தென்ன? வாயில் இடமின்றி முளைத்து வருத்தும் ஞானப்பல்லை எந்தத் தேர்ந்த குயவன் வனைந்தான்?

சித்தாந்தி மறுமொழி கூறுவார்: எமது வாதம் தவளையையும் பல்லையும் பற்றியதன்று, தோன்றி ஒடுங்கும் பிரபஞ்சம் முழுமையையும் பற்றியது என்பார். அதனை ஏற்போம். கூர்ப்புக் கொள்கை பிரபஞ்சத்தின் தோற்றத்தை விளக்கப் புகுந்ததன்று. ஆனால் குயவன் வாதத்துக்கு வலிவூட்டியது எது? உயிர்களின் உறுப்புக்களிற் காணும் வியத்தகு பொருத்தமன்றோ? அந்தப் பொருத்தம் வேறு வகையால் விளங்கிவிட்டபின், எஞ்சுவது ஓர் அருவமான காரணம். அதன் முன் தேங்காய் உடைக்கவோ மெழுகுதிரி ஏற்றவோ எவருக்கும் தோன்றாது.

இதுவரை நாத்திகர் மகிழலாம். இதற்கு மேல் அவர் சிந்தித்தல் வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபை 1950 இலேயே, மனித உடலின் கூர்ப்பு பற்றிய ஆய்வுக்குத் தடையில்லை என்றது; 1996 இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அது வெறும் ஊகத்தினும் மேலானது என்று ஏற்றார். எந்தத் தேவாலயமும் அதனால் மூடப்படவில்லை. இன்னும் வலுவான சான்று நம் நாடே. இலங்கையின் பெரும்பான்மையோர் தழுவிய பௌத்தம் படைப்புக் கடவுளைக் கொள்ளாத சமயம். தத்துவ நோக்கில் அங்கே நாத்திகர் மறுக்க வேண்டிய கருத்தா இல்லை. ஆயினும் விகாரைகளின் அருகே தேவாலயங்கள் எழுந்தன. கதிர்காமத்தில் நேர்த்திக்கடன்கள் குவிகின்றன. அரசியலமைப்பின் ஒன்பதாம் உறுப்புரை அச்சமயத்துக்கு முதன்மையிடம் வழங்குகிறது. கடவுளின்றியும் சமயம் வாழும், கோயில் வாழும், சமயத்தின் பெயரிலான அதிகாரமும் வாழும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எந்நாட்டில் உண்டு? அங்ஙனமாயின் சமயம் என்பது கடவுளைப் பற்றிய ஒரு தவறான கருதுகோள் மட்டுமன்று. கருதுகோளாயின் அதனைச் சான்று வீழ்த்தியிருக்கும்.

பிறர் கடவுளை மறுப்பது எத்துணை எளிது என்பதைக் கொட்டாஞ்சேனை நமக்குக் கற்பிக்கிறது. அங்குள்ள தீபதுத்தாராமய விகாரையின் மிகெட்டுவத்தே குணானந்த தேரர், 1873 ஆகத்தில் பாணந்துறையில் கிறித்தவப் போதகரோடு வாதிட்டுப் புகழ்பெற்றார். விவிலியத்தின் முரண்பாடுகளை அவர் எடுத்துக்காட்டிய திறம் எந்தப் பகுத்தறிவாளருக்கும் குறைந்ததன்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகட்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் ஆறுமுகநாவலரும் சைவதூஷண பரிகாரம் எழுதி, விவிலியத்தைக் கொண்டே மிஷனரிமாரை மடக்கினார். தன் சமயத்தின் வாசலில் நின்றுவிடும் தருக்கம் அது. அதன் விளைவென்ன? 1883 உயிர்த்த ஞாயிறன்று அதே கொட்டாஞ்சேனை வீதிகளில் பௌத்த ஊர்வலத்தினரும் கத்தோலிக்கரும் மோதி இரத்தம் சிந்தினர். அந்நியராட்சியின் கீழ் வாழ்ந்த மக்கள் தம் மானத்தைக் காக்கச் சமயத்தைத் தவிர வேறு கொடி அற்றிருந்தனர் என்பதை உணராது, அந்த மோதலை வெறும் மூடத்தனம் என்று ஒதுக்குவோர் வரலாறு அறியாதோரே.

மறுப்பு மட்டுமே மனிதனை விடுதலை செய்யும் என்று நம்புவோருக்கு, இம்மண்ணோடு தொடர்புடைய மூவரை நினைவூட்ட விரும்புகிறோம். மூவரும் அறிவில் எளியவரல்லர்.

முதலாமவர் ஏர்ணஸ்ட் ஹெக்கல். ஜெர்மனியில் டார்வினின் கொள்கையைப் பரப்பியவருள் தலையாயவர். 1881 இன் இறுதியில் இலங்கைக்கு வந்து, கொட்டாஞ்சேனைக்கு வடக்கே முகத்துவாரத்தில் விஸ்ட் பங்களாவிற் தங்கிக் கடலுயிர்களை ஆராயப் புகுந்தவர். படைப்புக் கதையை அவரினும் வன்மையாகச் சாடியவர் சிலரே. ஆயின் அவரே மனிதகுலத்தை உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் எனப் படிநிலைப்படுத்தி, அதற்கும் கூர்ப்பின் பெயரையே சூட்டினார். தேவன் வகுத்த தாழ்வை விலக்கி, இயற்கை வகுத்த தாழ்வை அவ்விடத்தில் இருத்தியதால் ஒடுக்கப்பட்டோர் பெற்ற நன்மை யாது?

இரண்டாமவர் செ. சுந்தரலிங்கம். ஒக்ஸ்போட்டில் கற்றவர், கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராய் விளங்கியவர். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலினுள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைய முற்பட்டபோது, வாசலில் நின்று தடுத்தோருக்குத் தலைமை தாங்கியவர் அவரே. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வழக்கும் தொடரப்பட்டது. கணிதம் அறிந்த மூளை சாதிக்கு அரணாயிற்று. எதிரே நின்றோரை நோக்குங்கள். 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தின் வழிவந்த அப்போராட்டத்தை முன்னெடுத்தோருட் பலர் பொதுவுடைமையாளர், கடவுளை வணங்காதோர். அவர்கள், கடவுளை வணங்க விரும்பியோரின் உரிமைக்காக அடியும் உதையும் பட்டனர். கடவுளை நம்பாதோர் கோயில் திறக்கப் போராடியது முரணா? எமது நோக்கில் அதுவே சமயத்தை விளங்கிக்கொண்ட நாத்திகம். கருவறையில் ஒன்றுமில்லை என்று அறிந்திருந்தும், வாசலில் இருந்தது சாதி என்பதை அவர்கள் மறந்தாரிலர்.

மூன்றாமவரைக் கூறுங்கால் நம்மவரே என்பதால் நெஞ்சு கனக்கிறது. 1972 மே 22 இல் நடைமுறைக்கு வந்த குடியரசு அரசியலமைப்பே பௌத்தத்துக்கு முதன்மையிடத்தை முதன்முதல் சட்டமாக்கியது. அதனை வரைந்து நிறைவேற்றும் பொறுப்பை ஏற்ற அமைச்சர் கலாநிதி கொல்வின் ஆர். த சில்வா. 1935 இல் லங்கா சமசமாசக் கட்சியைத் தோற்றுவித்தோருள் ஒருவர். வரலாற்றுப் பொருள்முதல்வாதத்தைக் கரைத்துக் குடித்தவர். சமயம் பற்றிய மார்க்சிய நூல்களை அவர் அறியாதவரல்லர். ஆயினும் அதிகாரத்தின் கணக்குக்கு முன் தத்துவம் மௌனித்தது. தனிமனிதனின் உள்ளத்தில் மட்டும் வாழும் நாத்திகம் எத்துணை வலுவற்றது என்பதற்கு அவ்வரசியலமைப்பு எழுத்துச் சான்று.

அவ்வாறாயின் சமயத்தைத் தத்துவ நோக்கில் விளங்கிக்கொள்வது யாங்ஙனம்? 1841 இல் போயர்பாக், மனிதன் தன் இயல்புகளையே வானத்தில் எறிந்து அவற்றைக் கடவுளெனத் தொழுகிறான் என்று காட்டினார். மார்க்ஸ் 1844 இல் அதற்கு அடுத்த வினாவைக் கேட்டார். எறிய நேர்ந்ததேன்? இம்மண்ணில் அவனுக்கு இல்லாதது எது? சமயம் மக்களுக்கு அபின் என்ற அவர் கூற்றை இரு சாராரும் வசைமொழியாகவே கொண்டனர். அபின் அக்காலத்து மருந்துக்கடையில் விற்ற நோவாற்றி என்பதை இரு சாராரும் மறந்தனர். சமயத்துள் மக்களின் வேதனையும், அவ்வேதனைக்கு எதிரான முறையீடும் சேர்ந்தே உறைகின்றன என்பதே அப்பகுதியின் கருத்து. நோவாற்றியைப் பறிப்பவன் மருத்துவனல்லன். நோயைத் தீர்ப்பவனே மருத்துவன்.

கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்துக்குச் செவ்வாய்க்கிழமைகளிற் செல்வோரை உற்று நோக்குங்கள். கத்தோலிக்கர் மட்டுமல்லர், சைவரும் பௌத்தரும் இஸ்லாமியரும் அங்கே வருவர். மத்திய கிழக்குக்குச் சென்ற மகளிடமிருந்து செய்தி வராத தாய், வட்டிக்கடனில் மூழ்கிய சிறுவியாபாரி, துறைமுகக் கூலி இவர்கள். இவர்கள் உயிர்களின் தோற்றம் பற்றிய கருதுகோள் ஒன்றை நிறுவ அங்கே போகவில்லை. எந்த அலுவலகமும் செவிசாய்க்காத முறையீட்டைக் கேட்க ஒரு செவியேனும் உண்டென்று நம்பிப் போகின்றனர். 2019 ஏப்ரில் 21 இல், உயிர்த்த ஞாயிறு பூசை வேளையில், அத்தலத்தின் மீதும் குண்டு வெடித்தது. அன்று நாடெங்கும் நிகழ்ந்த தாக்குதல்களில் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வெறி கொண்டோர் சிலரின் குற்றத்துக்காக அடுத்த மாதம் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. எல்லாம் மதத்தால் வந்த கேடு என்று கூறி அமைவது எளிது. ஒரே மெழுகுதிரி முன்னர் நான்கு சமயத்தவரையும் கூட்டுவதும் சமயம். அவர்களை வெட்டிப் பிரிப்பதும் சமயம். இரண்டுக்கும் ஒரே விடையைக் கூறுபவர் இரண்டையும் விளக்காதவராவார். இணைத்தது பொதுத் துன்பம். பிரித்தது துன்பத்தின் காரணத்தை மறைக்க விரும்பும் அரசியல்.

இவ்விளக்கம் உடையோரே, விஞ்ஞானத்தின் பெயரால் அநீதி இழைக்கப்படும்போதும் அதனை இனங்காண்பர். 2020 ஏப்ரிலில் அரசாங்கம், கொரோனாவால் இறந்தோர் யாவரையும் எரித்தே ஆகவேண்டும் என வர்த்தமானியில் அறிவித்தது. அடக்கம் செய்தால் நிலத்தடி நீர் கெடும் என்று காரணங் கூறப்பட்டது. உலக சுகாதார தாபனம் இரண்டையும் அனுமதித்திருந்தது. ஆயினும் முஸ்லிம் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக அவர்தம் பச்சிளங் குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியிலேயே அடக்கத்துக்கு இசைவு கிட்டியது. ஓட்டமாவடி மண் அவ்வுடல்களை ஏற்றது. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. இறந்தபின் உடல் வெறும் சடம் என்று கருதும் நாத்திகன் அன்று எங்கே நின்றிருக்க வேண்டும்? ஐயமின்றி அந்தப் பெற்றோரின் பக்கத்தில். தன் உடலைத் தானே விரும்பி மருத்துவபீடத்துக்கு அளித்த கோவூரின் உரிமையும், தன் பிள்ளையை மண்ணில் இட விரும்பிய தந்தையின் உரிமையும் ஒரே உரிமையே.

ஈண்டு ஒரு மறுப்பு எழும். தமிழருக்கு இந்நாட்டில் எஞ்சியிருப்பது கோயிலும் மொழியுமே. 1983 யூலையில் கொழும்புத் தமிழருக்கு அடைக்கலம் தந்தவற்றுள் கோயில்களும் அடங்கும். அவற்றைக் கேள்விக்குள்ளாக்குவது இனத்துக்குச் செய்யும் துரோகமன்றோ என்பர். அடைக்கலம் தந்தது உண்மை. தந்தவை கூரையும், சோறு வடித்த கைகளுமே. அந்தக் கைகள் எங்குமுள்ளன. பாடசாலைகளும் அன்று முகாம்களாயின. அக்கூரையின் கீழ் ஒதுங்கிய மனிதரிடையே சாதி கேட்பதை நியாயப்படுத்தும் எந்தப் புனிதமும் கேள்விக்கு அப்பாற்பட்டதன்று. ஒடுக்கப்பட்ட இனம் தனக்குள் ஒடுக்குமுறையைப் பேணிக்கொண்டு விடுதலை கேட்பது தருக்கத்துக்கும் பொருந்தாது, அறத்துக்கும் பொருந்தாது.

இறுதியாக, ஆசிரியராகிய நம்மை நோக்கிச் சில வார்த்தை. நம் பாடசாலைகளில் சமயம் நெடுங்காலமாகக் கட்டாய பாடமாய் இருந்துவந்துள்ளது, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையிலும் அதற்கு இடமுண்டு. சமயப் பாடவேளை மணி ஒலித்ததும், அதுவரை ஒரே வாங்கில் இருந்த சிறுவர் எழுந்து சைவநெறிக்கு ஓர் அறை, கத்தோலிக்கத்துக்கு ஓர் அறை, இஸ்லாத்துக்கு ஓர் அறை எனப் பிரிந்து செல்கின்றனர். பெற்றோரின் சமயத்தைப் பிள்ளை கற்கிறது. அயல் வாங்குத் தோழனின் சமயம் பற்றி ஒன்றும் அறியாமலே பாடசாலையை விட்டு வெளியேறுகிறது. கூர்ப்போ, விரிவாகக் கற்பிக்கப்படுவது உயர்தரத்தில் உயிரியல் பயிலும் சிலருக்கே. அவர்களும் அதனைப் புள்ளிக்காக மனனஞ் செய்து, பரீட்சைத் தாளோடு கையளித்துவிடுகின்றனர். ஒரே புத்தகப்பையில் இரு நூல்கள். ஒன்று மற்றொன்றோடு பேசுவதில்லை. அயல்நாட்டில் அந்தப் பேச்சற்ற நிலையையும் பொறாதார் உளர்: இந்தியாவில் 2023 இல் பத்தாம் வகுப்பு விஞ்ஞான நூலிலிருந்து கூர்ப்பு அத்தியாயம் நீக்கப்பட்டது, ஆயிரத்தெண்ணூறுக்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியரும் கையொப்பமிட்டுக் கண்டித்தனர். இங்கே நீக்க வேண்டிய தேவையே எழவில்லை என்பதில் நாம் பெருமைப்பட ஒன்றுமில்லை. எவரையும் தொடாத பாடத்தை எவர் நீக்குவர்?

கோவூரின் இளமைக்கால நிகழ்ச்சியாக ஒன்றைக் கூறுவர். பாடசாலையில் அவரிடம் ஓராண்டு விவிலிய வகுப்பை ஒப்படைத்தனர். மாணவர் யாவரும் சிறப்பாகச் சித்தியெய்தினர். அடுத்த ஆண்டு அவ்வகுப்பு அவருக்குத் தரப்படவில்லை. பெறுபேறு நன்று, ஆனால் பிள்ளைகள் விசுவாசத்தை இழந்துவிட்டனர் என்பதே காரணமாம். சமயத்தை ஒழுங்காகக் கற்பித்தலே அதன்மீது கேள்வி எழுப்பப் போதுமானது என்பதை அதிகாரத்தில் இருப்போர் நன்கறிவர்.

ஆகவே சமய பாடத்தை ஒழிக்குமாறு நாம் கேட்கவில்லை. அதனை எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அறையில், எல்லாச் சமயங்களின் வரலாறாகவும், சமயமறுப்பின் வரலாறாகவும் கற்பிக்குமாறு கேட்கிறோம். எந்தச் சமூகத்தில், எந்தத் தேவையால், எவர் நலனுக்காக ஒவ்வொன்றும் எழுந்தது என்று பிள்ளை வினவக் கற்கட்டும். மனிதனின் தோற்றத்தைக் கலைப்பிரிவு மாணவனும் வணிகப்பிரிவு மாணவனும் அறியட்டும்.

தமிழாசிரியருக்கு இதில் தனிப் பொறுப்புண்டு. நாத்திகம் மேனாட்டுச் சரக்கு என்று கூறுவோரிடம் மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதையை விரித்துக் காட்டுங்கள். பூவும் கருப்புக்கட்டியும் கூடிப் புளித்தவழிக் களிப்பு பிறத்தல் போலப் பூதங்களின் கூட்டத்தில் உணர்வு பிறக்கும் என்று பேசும் பூதவாதி அங்கே நிற்கிறான். சிவஞானசித்தியார் பரபக்கம் உலகாயதனை முதலில் நிறுத்தி அவனோடு வழக்காடுகிறது. வாதிடத் தகுந்த எதிரியென்று சைவம் ஏற்ற ஒருவனைத் தமிழ் வகுப்பறை மட்டும் மறைத்தல் தகுமா? ம. சிங்காரவேலர் முதலியோர் விஞ்ஞானத்தையும் பொருள்முதல்வாதத்தையும் எளிய தமிழில் எழுதிச் சென்று பல பத்தாண்டுகள் ஆகின்றன. அந்த வழக்காற்றை மீண்டும் தொடங்குதற்குப் புதிய பாடத்திட்டமோ மேலிடத்து அனுமதியோ வேண்டியதில்லை. கையிலிருக்கும் நூலைத் திறந்தால் போதும்.

தொழுவோரை நகையாடுவதில் பயனில்லை. தொழவைக்கும் துயரைத் தேடிச் செல்லுங்கள். அத்துயரால் ஆதாயம் பெறுவோரைப் பெயர் சொல்லிக் காட்டுங்கள். துயர் தீரும் நாளில், கடவுளை மறுப்பதற்கு ஒருவரும் தனியாக உழைக்க வேண்டியிராது.